ஐந்தாம் சக்கர டிரெய்லர்: யாருக்குப் பொருந்தும்?

ஐந்தாம் சக்கர டிரெய்லர் என்பது பிக்கப் டிரக்கின் சரக்குத் தொட்டிக்குள் பொருத்தப்பட்ட இணைப்பின் மீது தன் முன்பகுதியை ஏற்றி வைத்து இழுக்கப்படும் நடமாடும் வீடாகும். அமெரிக்காவிலும் கனடாவிலும் விடுமுறைப் பயணத்திற்கும், பணி ஓய்வுக்குப் பிறகு நாடு சுற்றுவதற்கும், சிலரிடத்தில் ஆண்டு முழுவதும் குடியிருக்கவும் இது பயன்படுகிறது. படுக்கையறை, சமையலறை, குளியலறை, வரவேற்பறை என ஒரு சிறு வீட்டில் இருப்பவை எல்லாம் இதில் இருக்கும். சொந்த வீட்டை விற்றுவிட்டு அந்தப் பணத்தில் இதை வாங்குபவர்களும் உண்டு. ஆகவே தவறான தேர்வு ஒரு விடுமுறையைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. வாழ்நாள் சேமிப்பையும், சில வேளைகளில் உயிரையும் தொடுகிறது.

பெயர் வந்த வழி

இந்த வண்டிக்கு ஐந்து சக்கரங்கள் இல்லை. குதிரை வண்டிக் காலத்தில், முன் அச்சு இடமும் வலமும் திரும்புவதற்காக அச்சுக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே சக்கர வடிவிலான ஒரு வளையம் படுக்கை வாக்கில் வைக்கப்பட்டது. தரையைத் தொடாத அந்த வளையமே ஐந்தாவது சக்கரம் எனப்பட்டது. பின்னர் சரக்கு லாரிகளின் முன்வண்டியையும் பின்வண்டியையும் இணைக்கும் தட்டுக்கு இப்பெயர் வந்து சேர்ந்தது. சென்னை, தூத்துக்குடி துறைமுகச் சாலைகளில் ஓடும் கன்டெய்னர் டிரெய்லர் லாரிகளில், முன்வண்டியின் பின்புறம் கிரீஸ் பூசிய கறுப்புத் தட்டு ஒன்றைக் காணலாம். அதுவும் இதே கருவிதான்.

இந்த இணைப்பை வீட்டு டிரெய்லருக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் முக்கியமானவர் கிளென் கர்ட்டிஸ். விமானத் துறையின் தொடக்கக் காலப் பொறியாளரான அவர், 1920களின் இறுதியில் ஏரோகார் என்ற டிரெய்லரை உருவாக்கினார். காரின் பின்பகுதியில் விமானச் சக்கரம் ஒன்றைப் படுக்கை வாக்கில் வைத்து, டிரெய்லரின் முனையை அதன் நடுவில் செருகும் முறை அதில் இருந்தது. காற்றடைத்த டயர் குலுக்கலை வாங்கிக்கொண்டது. பிக்கப் டிரக் குடும்ப வண்டியாகவும் மாறிய பிற்காலத்தில்தான் இவ்வகை பரவலாயிற்று. இன்று இவற்றின் உற்பத்தி பெரும்பாலும் இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் குவிந்துள்ளது.

அமைப்பும் அதனால் வரும் நன்மையும்

சாதாரணப் பயண டிரெய்லர், இழுக்கும் வண்டியின் பின்புறக் கம்பியில் உள்ள ஒரு உருண்டையில் மாட்டப்படுகிறது. அந்த உருண்டை பின் அச்சுக்கு நாலைந்து அடி பின்னால் தள்ளி இருப்பதால், பக்கக் காற்று அடிக்கும்போதோ பெரிய லாரி கடந்து போகும்போதோ டிரெய்லர் ஆடத் தொடங்கினால் அந்த ஆட்டம் முன்வண்டியையும் பிடித்து அலைக்கழிக்கும். ஐந்தாம் சக்கர டிரெய்லரில் இணைப்பு பின் அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ அமைகிறது. டிரெய்லரின் அடியிலிருந்து தொங்கும் கிங்பின் என்ற தடித்த எஃகு முளை, தட்டின் தாடைகளுக்குள் நுழைந்து பூட்டிக்கொள்கிறது. எடை நேராக அச்சின் மீது இறங்குவதால் ஆட்டம் வெகுவாகக் குறைகிறது. நீளமான வண்டியை நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் ஓட்டுபவருக்கு இது பெரிய நிம்மதி.

டிரக்கின் மேல் படரும் முன்பகுதி பொதுவாகப் படுக்கையறையாகிறது. இரண்டு மூன்று படி ஏறி அதற்குள் போகவேண்டும். பின்பகுதியின் கூரை உயரமாக இருப்பதால் உள்ளே நின்றால் வீட்டுக்குள் நிற்பது போன்ற உணர்வு கிடைக்கும். நிறுத்திய பின் சுவரின் ஒரு பகுதி மோட்டார் விசையால் வெளியே நீளும் ஸ்லைடு-அவுட் அறைகள் இடத்தை மேலும் பெருக்குகின்றன. அதோடு எடையும் கூடுகிறது.

திருப்பங்களில் மட்டும் பழக்கம் தேவை. இணைப்புப் புள்ளி முன்னால் இருப்பதால், சாதாரண டிரெய்லரை விட இதன் பின்சக்கரங்கள் திருப்பத்தின் உள்பக்கத்தை அதிகமாக வெட்டிச் செல்லும். பெட்ரோல் நிலையத் தூண்களில் உரசல் விழுவது பெரும்பாலும் இப்படித்தான்.

முதலில் டிரக், பிறகு டிரெய்லர்

கண்காட்சிக்குப் போகிறவர் சமையலறை மேடையையும் மின்சாரக் கணப்பையும் பார்த்து டிரெய்லரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதை எதனால் இழுப்பது என்று பிறகு யோசிக்கிறார். இந்த வரிசைதான் பெரும்பாலான சிக்கலுக்கு வேர்.

டிரக் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது இழுதிறன், அதாவது எவ்வளவு எடையை இழுக்க முடியும் என்ற எண். இது பொதுவாக எஸ்ஏஇ ஜே2807 என்ற தர முறைப்படி கணிக்கப்படுகிறது. அரிசோனாவின் டேவிஸ் அணைப் பகுதியில் உள்ள நீண்ட ஏற்றமே அதன் மலையேற்றச் சோதனைக்கு அளவுகோல். குளிர்சாதனத்தை முழுமையாக இயக்கிக்கொண்டே டிரக் அந்த ஏற்றத்தைக் கடக்கவேண்டும். ஆகவே அந்த எண் பொய்யானதல்ல. ஆனால் ஐந்தாம் சக்கர டிரெய்லரைப் பொறுத்தவரை முதலில் தீர்ந்துபோவது இழுதிறன் அன்று, சுமைத்திறன். டிரெய்லரின் எடையில் ஒரு பகுதி டிரக்கின் முதுகிலேயே ஏறி உட்காருகிறது. சாதாரண டிரெய்லரில் 10 முதல் 15 சதவீத எடை இணைப்பின் மீது விழும். இதில் 15 முதல் 25 சதவீதம் வரை விழும்.

டிரக் எவ்வளவு சுமக்கலாம் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டப்பட்ட தாளில் அச்சிடப்பட்டிருக்கும். பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று அது கூறும். இது அந்த ஒரு வண்டிக்கே உரிய எண். ஒரே மாதிரியில் கூரைக் கண்ணாடி, நாற்சக்கர இயக்கம், டீசல் இயந்திரம் எனச் சேர்க்கச் சேர்க்க இந்த எண் குறைந்துகொண்டே வரும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 6,350 கிலோ (14,000 பவுண்டு) கொண்ட நடுத்தர டிரெய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் 20 சதவீதம் கிங்பின் மீது விழுந்தால் 1,270 கிலோ. தொட்டிக்குள் பொருத்தும் இணைப்புக் கருவி ஏறத்தாழ 70 கிலோ. கணவனும் மனைவியும் 150 கிலோ. கருவிப்பெட்டி, குளிர்பெட்டி, நாய், சில்லறைச் சாமான் எல்லாம் 100 கிலோ. கூட்டினால் 1,590 கிலோ.

இதை டிரக் வகைகளோடு ஒப்பிடவேண்டும். அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று அமெரிக்கர்கள் சொல்வது பழைய வழக்கு. இன்றைய உண்மைச் சுமைக்கும் அந்தப் பெயர்களுக்கும் தொடர்பில்லை. ஃபோர்டு எஃப்-150, ராம் 1500 போன்ற அரை டன் வண்டிகள் பெரும்பாலும் 700 முதல் 900 கிலோ வரை சுமக்கும். எஃப்-250 போன்ற முக்கால் டன் வண்டிகளில் டீசல் இயந்திரம் இருந்தால் பல நேரங்களில் 1,000 முதல் 1,300 கிலோவுக்குள் நின்றுவிடும். அவற்றில் பலவற்றின் மொத்த எடை 4,536 கிலோ (10,000 பவுண்டு) என்ற வகுப்பு எல்லைக்குள் வைக்கப்படுவதும், டீசல் இயந்திரமே அந்த எல்லையில் பெரும்பங்கை விழுங்கிவிடுவதும் இதற்குக் காரணம். ஆக, மேற்கண்ட நடுத்தர டிரெய்லருக்கே ஒரு டன் டிரக் தேவைப்படுகிறது. அதைவிடப் பெரியதற்குப் பின் அச்சில் இரட்டைச் சக்கரம் கொண்ட டிரக்தான் சரிப்படும். 'அரை டன் டிரக்கால் இழுக்கலாம்' என்ற வாசகத்தோடு விற்கப்படும் டிரெய்லர்களை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால், அவற்றில் பல தாங்காது என்பது விளங்கும்.

விற்பனையாளர் காட்டும் வெற்று எடையை வைத்துக் கணக்கிடுவது இன்னொரு பிழை. தண்ணீர், எரிவாயு, துணிமணி, பாத்திரம் எதுவும் இல்லாத எடை அது. சில வேளைகளில் மின்கலம்கூட அதில் சேராது. 60 காலன் நன்னீர்த் தொட்டி நிறைந்தால் மட்டும் 227 கிலோ கூடும். அனுமதிக்கப்பட்ட மொத்த எடையையே அடிப்படையாகக் கொள்வது பாதுகாப்பானது. வாங்கிய பிறகு, சரக்கு லாரிகள் நிற்கும் நிலையங்களில் உள்ள எடைமேடையில் சிறு கட்டணத்திற்கு ஒவ்வொரு அச்சின் எடையையும் தனித்தனியே தெரிந்துகொள்ளலாம்.

சுமை மீறினால் வண்டி உடனே உடைந்துவிடாது. முன்சக்கரங்களின் பிடிப்பு தளரும், பின்டயர்கள் சூடேறும், மலை இறக்கத்தில் பிரேக் தாமதிக்கும். விபத்து நேர்ந்தால் சுமை மீறல் வழக்கில் எதிராகத் திரும்பக்கூடும். பல நூறு கிலோமீட்டர் எதுவும் நேராமல் ஓட்டிவிட்டவர் தம் கணக்கு சரி என்று நம்பிவிடுவதுதான் இதில் உள்ள அபாயம்.

தொட்டியின் நீளமும் கவனிக்கத்தக்கது. 8 அடித் தொட்டியில் எளிதாகத் திரும்பும் டிரெய்லர், குட்டைத் தொட்டியுள்ள டிரக்கில் கூர்மையாகத் திரும்பும்போது ஓட்டுநர் அறையின் பின்கண்ணாடியில் மோதலாம். இதைத் தவிர்க்கப் பின்னுக்கு நகரும் இணைப்பு விற்கப்படுகிறது. அதன் எடையும் விலையும் அதிகம். எந்த இணைப்பானாலும் தொட்டியின் பெரும்பகுதியை அது பிடித்துக்கொள்ளும். தொட்டிக்கு மூடி போட்டுச் சாமான் ஏற்றிப் பழகியவர்கள் அந்த வசதியை இழக்கவேண்டும்.

உரிமம்

விதிகள் இடத்துக்கு இடம் மாறுகின்றன. கலிபோர்னியாவில் 10,000 பவுண்டுக்கு மேல் 15,000 பவுண்டு வரையுள்ள ஐந்தாம் சக்கர டிரெய்லருக்குச் சாதாரண உரிமத்தில் தனி ஒப்புதல் பெறவேண்டும். 15,000 பவுண்டைத் தாண்டினால் வணிகம் சாராத ஏ வகுப்பு உரிமம் வேண்டும். டெக்சாஸில் டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டி, டிரெய்லர் 10,000 பவுண்டுக்கு மேலும் இருந்தால் ஏ வகுப்பு கேட்கப்படும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 4,600 கிலோவுக்கு மேற்பட்ட வீட்டு டிரெய்லருக்கு உரிமத்தில் தனிக் குறியீடு தேவை.

எங்கே போக முடியும், எங்கே முடியாது

இந்த வண்டிகளின் உயரம் பெரும்பாலும் 12 முதல் 13½ அடி. நீளம் 40 அடியைத் தாண்டுவதும் உண்டு; டிரக்கையும் சேர்த்தால் 55, 60 அடி. சாதாரண காருக்கான வழிகாட்டிச் செயலியை நம்பி இதை ஓட்டக்கூடாது. வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் 11 அடி 8 அங்குல உயரத்தில் இருந்த ரயில் பாலம், உயரமான வண்டிகளின் கூரையை டப்பா மூடி போலச் சுருட்டி எடுத்ததால் உலகப் புகழ் பெற்றது. 2019இல் அதை 8 அங்குலம் உயர்த்தினார்கள். 12 அடி 4 அங்குலமான பிறகும் பெரும்பாலான ஐந்தாம் சக்கர டிரெய்லர்கள் அதன் கீழ் நுழைய முடியாது. நியூயார்க் வட்டாரத்தின் பார்க்வே சாலைகளில் டிரெய்லர்களுக்கே அனுமதியில்லை.

எரிவாயு உருளையும் வழியை மாற்றும். பால்டிமோர் நகரின் துறைமுகச் சுரங்கச் சாலைகளில் 10 பவுண்டுக்கு மேற்பட்ட புரொப்பேன் உருளைகளுக்குத் தடை உண்டு. அத்தகைய வண்டிகள் பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் வழியே சுற்றிச் சென்றன. 2024 மார்ச் 26இல் சரக்குக் கப்பல் மோதி அப்பாலம் இடிந்தபின், நகரின் மேற்குப் பக்கமாகச் சுற்றவேண்டிய நிலை ஏற்பட்டது.

தேசியப் பூங்காக்கள்தாம் பலருக்கு ஏமாற்றம் தருகின்றன. இயற்கையின் மடியில் தங்கலாம் என்று வாங்கியவர்கள், பழைய முகாம்கள் சிறு வண்டிகளின் காலத்தில் அமைந்தவை என்பதைப் பிறகு அறிகிறார்கள். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் அப்பர் பைன்ஸ் முகாமில் டிரெய்லரின் நீள வரம்பு 24 அடி. மொன்டானாவின் கிளேசியர் பூங்காவில் புகழ்பெற்ற மலைச்சாலையின் உயரமான பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிகளை, டிரக்கையும் டிரெய்லரையும் சேர்த்து அளந்து, அனுமதிப்பதில்லை. பூங்காக்களே நோக்கம் என்றால் 25 அடிக்கு உட்பட்ட சாதாரண டிரெய்லரோ வேன் வகையோ மேல். பெரிய டிரெய்லர் வைத்திருப்பவர்கள் வெளியே ஒரு தனியார் முகாமில் அதைக் கழற்றி நிறுத்திவிட்டு டிரக்கில் உள்ளே போய் வருகிறார்கள். இப்படிக் கழற்ற முடிவது, மோட்டார் வீடுகளோடு ஒப்பிடும்போது இதன் பெரிய வசதி.

யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்

தினமும் ஊர் மாறுபவருக்கு இது ஏற்றதன்று. ஒவ்வொரு முறையும் கழிவுத் தொட்டியை வடிக்கவேண்டும், மின்கம்பியும் நீர்க்குழாயும் சுருட்டவேண்டும், ஸ்லைடு-அவுட்களை உள்ளே இழுக்கவேண்டும், கிங்பின்னைப் பூட்டவேண்டும். பூட்டியபின் டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி டிரக்கை மெதுவாக முன்னே இழுத்துத் தாடை உண்மையாகவே மூடியிருக்கிறதா என்று சோதிப்பது கட்டாயம். இதைத் தவிர்த்தவர்களின் டிரெய்லர் நழுவி டிரக்கின் தொட்டிச் சுவரில் விழுந்து நசுக்கிய நிகழ்வுகள் புதிதல்ல.

ஓரிடத்தில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தங்குபவருக்கே இது நன்றாகப் பொருந்துகிறது. குளிர்காலத்தில் கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் தெற்கே இறங்கும் முதியவர்கள் இவ்வகையினர். அரிசோனாவின் குவார்ட்சைட் அருகே கூட்டரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்ட நாள் தங்க அனுமதிக்கும் பகுதி உள்ளது. அங்கே நிற்பவற்றில் பல ஐந்தாம் சக்கர டிரெய்லர்கள். ஊர் ஊராக ஒப்பந்த வேலைக்குச் செல்லும் செவிலியர்களும் குழாய்ப் பற்றவைப்பாளர்களும் இதைக் குடியிருப்பாக வைத்துக்கொள்கிறார்கள்.

நிரந்தரமாகக் குடியேற நினைப்பவர் உத்தரவாதப் பத்திரத்தைச் சொல் சொல்லாகப் படிக்கவேண்டும். பல தயாரிப்பாளர்கள் முழுநேரக் குடியிருப்புக்கு உத்தரவாதம் செல்லாது என்று எழுதியிருப்பார்கள். காப்பீட்டிலும் இதற்குத் தனிப் பிரிவு உண்டு. நிலையான முகவரி இல்லாமல் வங்கிக் கணக்கு, வாக்குரிமை, மருத்துவக் காப்பீடு ஆகியவை சிக்கலாகும். இதற்காகவே பலர் தெற்கு டகோட்டா, டெக்சாஸ், புளோரிடா ஆகிய மாநிலங்களில் தங்கள் சட்டபூர்வ இருப்பிடத்தை வைத்துக்கொள்கிறார்கள்.

முழங்கால் வலியுள்ளவருக்குப் படுக்கையறைப் படிகள் தினசரித் தொல்லை. இரவில் இரண்டு மூன்று முறை எழுபவர் கடையிலேயே அந்தப் படிகளை ஏறி இறங்கிப் பார்ப்பது நல்லது. மிகப் பலர் இதைச் செய்வதில்லை.

விலையும் தேய்மானமும்

புதிய டிரெய்லர் வாங்கிய முதல் சில ஆண்டுகளில் மதிப்பைச் சரசரவென இழக்கும். 15, 20 ஆண்டுத் தவணையில் கடன் கிடைப்பதால் மாதத் தொகை சிறிதாகத் தெரியும். ஆனால் ஐந்தாவது ஆண்டில் விற்க நேர்ந்தால் வண்டியின் விலையைவிட மீதிக் கடன் பெரிதாக இருக்கக்கூடும். நோய், துணையின் மறைவு, பேரக் குழந்தை எனத் திட்டம் மாறும் வயதில் இருப்பவர்கள் இந்தக் கணக்கை முன்கூட்டியே போடவேண்டும். டிரக்கின் விலையும் இதோடு சேரும். இழுக்கும்போது எரிபொருள் செலவு ஏறத்தாழ இரட்டிப்பாகி, லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கிடைத்தாலே நல்லது என்ற நிலை வரும்.

இரண்டு மூன்று ஆண்டு ஓடிய பழைய வண்டியை வாங்கினால் முதல் உரிமையாளர் தேய்மானத்தைத் தாங்கியிருப்பார். தொழிற்சாலைக் குறைகளையும் பெரும்பாலும் அவரே சரி செய்திருப்பார். அப்படி வாங்கும்போது பார்க்கவேண்டியது முதலில் கூரை. ரப்பர் போன்ற விரிப்பின் விளிம்புகளில் பூசிய பசை வெடித்திருந்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கியிருக்கும். வெளிச்சுவரைச் சாய்வாகப் பார்த்தால் கொப்புளம் தெரியும். ஸ்லைடு-அவுட் மூலைகளில் காலால் அழுத்தினால் தரை மெத்தென அமுங்கும். இவ்விரண்டில் ஒன்று இருந்தாலும் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விலகுவதே நல்லது. டயரின் பக்கத்தில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு எண்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். பட்டை தேயாமல் புதிதுபோலத் தெரிந்தாலும் ஐந்தாறு ஆண்டு கடந்த டிரெய்லர் டயரை மாற்றிவிடவேண்டும்.

வாடகைக்கு எடுத்துச் சோதிப்பது மற்ற வகைகளில் எளிது. இதில் பொருத்தமான டிரக்கும் இணைப்பும் வேண்டியிருப்பதால் கடினம். சில உரிமையாளர்கள் டிரெய்லரை முகாமிலேயே கொண்டுவந்து நிறுத்தி வாடகைக்கு விடுகிறார்கள். அதில் இரண்டு வாரம், இயன்றால் மழை பெய்யும் இரண்டு வாரம், தங்கிப் பார்த்தால் உள்வாழ்க்கை பொருந்துமா என்பது தெரிந்துவிடும். ஓட்டும் பகுதிக்குப் பல ஊர்களில் ஓரிரு நாள் பயிற்சி வகுப்புகள் உள்ளன. பின்னோக்கி ஓட்டுவதைக் காலி மைதானத்தில், தம்பதியர் இருவருமே கற்றுக்கொள்வது அவசியம். வழியில் ஒருவருக்கு உடல்நலம் கெட்டால் மற்றவர் வண்டியை வீடு சேர்க்கவேண்டியிருக்கும்.